பூவில் கட்டிய அரண்மனை

மே மாதம் பிறந்தால் நீலகிரியில் அதிகாரிகளுக்குப் பூப் பித்து பிடித்துவிடும். கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியம், ஊட்டியில் ரோஜாவும் மலரும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழம். எல்லாவற்றுக்கும் ரிப்பன் உண்டு. ரிப்பன் வெட்டப் பிரமுகர் உண்டு. அவர் வந்து சேரும்வரை வெளியே கால்கடுக்க நிற்க நாம் இருக்கிறோம்.

நானும் வருஷம் தவறாமல் போகிறேன். கீழே அடிக்கிற வெயில் அப்படி.

ஊட்டி மலர்க் கண்காட்சி 1896-ல் வெள்ளைக்காரன் ஆரம்பித்தது. 2024-ல் பூக்களில் டிஸ்னி வேர்ல்ட் செய்தார்கள். 2025-ல் ராஜராஜ சோழன் அரண்மனை. சோழனுக்கு ஊட்டியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். டிஸ்னிக்கு என்ன வேலை என்று முந்தின வருஷம் யாரும் கேட்கவில்லை. அரண்மனை முன்னால் செல்ஃபி எடுத்து முடித்த குடும்பங்கள் அடுத்து தேடுவது கழிப்பறையை. அங்கே வரிசை இன்னும் நீளம். பூவில் வேண்டாம், அதைச் செங்கல்லிலேயே கட்டித் தரலாம்.

மலைக்குத் தாங்கும் அளவு ஒன்று உண்டு என்பது உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அரசுக்கு நினைவுக்கு வந்தது. 2024 மே 7 முதல் மலை ஏறும் வண்டிகளுக்கு இ-பாஸ். முதல் வருஷம் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. வடிகட்டி அல்ல, வருகைப் பதிவேடு. பிறகு நீதிமன்றமே வைத்த வரம்பு 2025 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது: வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. சனி, ஞாயிறுகளில் மலை கொஞ்சம் அகன்று கொடுக்கும் போலிருக்கிறது! ஒரு பக்கம் கல்லாறு சோதனைச் சாவடியில் மறிக்கிறார்கள். இன்னொரு பக்கம் கோடை விழாவுக்கு வாருங்கள் என்று விளம்பரம் செய்கிறார்கள். இரண்டுக்கும் சம்பளம் நம் வரிப்பணத்தில்.

படகு இல்லத்துக்கும் போகத்தான் வேண்டும், பிள்ளைகள் விடமாட்டார்கள். படகு ஓடுவது, வெள்ளைக்காரக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் உருவாக்கிய ஏரியில். இப்போது நகரத்துக் கழிவைச் சுமந்துகொண்டு கோடப்பமந்து கால்வாய் அதில் வந்து விழுகிறது. தூர்வாருகிறோம் என்பார்கள், சுத்திகரிக்கிறோம் என்பார்கள், மறுபடி தூர்வாருகிறோம் என்பார்கள். நாம் டிக்கெட் வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடையில் சவாரி போகிறோம். வரும் வழியில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டவர்கள், சுற்றுச்சூழல் கெடும் என்றுதான் பிடுங்கினார்கள். சரிதான். பாட்டில் மிதந்தால் கண்ணில் படும். கழிவு கலந்தால் யார் கண்ணில் படுகிறது?

காய்கறிக் கண்காட்சியின் விசேஷம் விலங்குகள். கத்தரிக்காய், கேரட், பீட்ரூட்டை அடுக்கி மிருகம் செய்வார்கள். சுற்றி நின்று கைதட்டுவோம். அதே மாவட்டத்தில், சீகூரில், உயிருள்ள யானை நடக்கும் வழித்தடத்தில் சொகுசு விடுதிகள் முளைத்தன. 2010-ல் வழித்தடம் என்று அரசாணை போட்டார்கள். அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 ஆயிற்று. பத்து வருஷம்! கேரட் மிருகத்துக்கு நிர்வாகம் முதல் நாளே வேலி கட்டி, காவலுக்கு ஆள் போட்டு, 'தொடாதீர்கள்' என்று பலகையும் வைத்துவிடுகிறது.