கத்திரி வெயிலில் ஒரு போர்வை

செங்கல்பட்டு மாவட்டத்தில் குளிர்காலம் என்பது மார்கழி மாதம் விடியற்காலை நாலரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிந்துவிடும். மற்ற நேரத்தில் அச்சரப்பாக்கத்தில் ஒருவர் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தால் காரணம் இரண்டுதான்: கொசு, இல்லாவிட்டால் காய்ச்சல். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் மூன்றடுக்குப் போர்வை தைக்கிறேன். மேலே துண்டு துண்டாக வெட்டி இணைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றும் பிரியாமலிருக்க நெடுகத் தையல். குவில்ட் என்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் தைப்பதற்குப் பனி என்று ஒரு காரணமாவது இருக்கிறது.

அதையும் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஓடவிட்டால், வரிசையாக அடுக்கிவைத்த முக்கோணங்களில் ஒன்று அடுப்படிக்குப் பறக்கும், ஒன்று சாமி படத்துக்குப் பின்னால் போய்ச் சேரும். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்காரர்கள்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிழல் தேடும் சித்திரை மதியத்தில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு மடியில் பஞ்சோடு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள். "வெயில் ஜாஸ்தி" என்பார் அவர்.

ஊரார் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "நல்ல துணிய இன்னாத்துக்கும்மா வெட்டுறே?" நியாயமான கேள்வி. கிழிந்ததை ஒட்டுப்போட்டால் அது சிக்கனம். கிழியாததை வெட்டி, வெட்டியதை மறுபடி ஒட்டினால் எந்தக் கணக்கில் எழுதுவது? கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். கசக்குவதற்கு முன்னால் கந்தையாக்கு என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

பதிலுக்கு நான் ஆட்சீஸ்வரர் கோயில் பக்கம் கை காட்டுவேன். சம்பந்தர் பாடிய தலம். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேரை நினைத்துப் பாருங்கள். பூமி தேர்த்தட்டு, சூரியனும் சந்திரனும் சக்கரம், நாலு வேதமும் குதிரை, மேருமலை வில், வாசுகி நாண், திருமாலே அம்பு. ஒரே மரத்தில் இழைத்த தேரா அது? கிடைத்ததையெல்லாம் இணைத்த ஒட்டுவேலை. பிள்ளையாரைக் கும்பிடாமல் கிளம்பியதால் அச்சு முறிந்தது, முறிந்த இடம் எங்கள் ஊர் என்கிறது தலபுராணம். புராணத்தை மறுக்கவில்லை. ஆனாலும் அத்தனை பேரைச் சேர்த்துத் தைத்த இடத்தில் எங்கோ கால் அங்குலம் தப்பியிருக்கும் என்று தொழில்முறையில் எனக்கு ஒரு சந்தேகம்.

ஏனென்றால் இந்த வேலைக்குக் கால் அங்குலம்தான் சட்டம். எந்த இரண்டு துண்டை இணைத்தாலும் ஓரத்திலிருந்து சரியாகக் கால் அங்குலம் உள்ளே தையல் ஓட வேண்டும். நூலிழை விலகினாலும் நாலு கட்டம் தள்ளி ஒரு முக்கோணத்துக்கு நுனி போய்விடும். கடைத்தெரு டெய்லரிடம் இதை விளக்கினேன். அவர் உள்ளே விட்டுத் தைக்கும் பரம்பரை. ரவிக்கைக்கு இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் விடுவார், வருங்காலத்தை உத்தேசித்து.

"கால் இஞ்சுதான் உடுவீங்களா? பின்னாடி பிரிக்கணும்னா இன்னா பண்ணுவீங்க?"

"போர்வைங்க. அது குண்டாகாது."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்றார்.

துணிக்குப் பஞ்சமே கிடையாது. அமெரிக்காவில் இந்த வேலை செய்கிறவர்கள் கஜத்தில் கால் பங்கு என்று வெட்டிவைத்த துண்டுகளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நமக்குத் துணி வெற்றிலை பாக்கோடு, மஞ்சள் கிழங்கோடு, வீடு தேடி இலவசமாக வருகிறது. தமிழ்நாட்டில் தாம்பூலத்தில் வைத்துக் கொடுக்கப்படும் ரவிக்கைத் துண்டுகளை யாராவது தைத்துப் போட்டுக்கொண்டு நான் பார்த்ததில்லை. நவராத்திரிக் கொலுவில் வாங்கியது வளைகாப்புக்குப் போகும், வளைகாப்பிலிருந்து கிரகப்பிரவேசத்துக்குப் போகும், அங்கிருந்து யாரோ ஒரு சித்தி கையில் ஏறித் திண்டிவனம் வரை போய்விட்டு, மடிப்புக் கலையாமல் மறுபடி நம் பீரோவுக்கே வந்து சேரும். கரும்பச்சையில் ஒரு துண்டை ஓரத்து எண்ணெய்க்கறையை வைத்து நானே அடையாளம் கண்டிருக்கிறேன். அந்தப் பிறவிச் சுழற்சியை அறுக்கும் திருப்பணியைத்தான் என் கத்திரி செய்கிறது. இதைச் சொன்னால் பக்கத்து வீட்டுப் பெண் அதிர்ந்துபோகிறாள். "ஐயோ, வெட்டிட்டீங்களாக்கா? அப்ப யாருக்கு வெச்சுக் குடுப்பீங்க?"

டெய்லர் கடைகளில் விழும் துண்டுகளும் எனக்குத்தான். ஆனால் எங்கள் பக்கத்துக் குப்பைக்கு ஒரு தனி நிறம் உண்டு: சிவப்பு. பக்கத்து ஊர் மேல்மருவத்தூர். ஆதிபராசக்தி பக்தர்களின் செவ்வாடைதான் சுற்றுவட்டாரத்தில் எந்த மிஷினிலும் ஓடும். தைப்பூசத்துக்கு முன்னால் இருமுடிக்காரர்கள் மாலை போடும் காலத்தில், வேறு நிறத்தில் ஒரு துண்டு கேட்டால் டெய்லர்கள் கையை விரித்துவிடுவார்கள். ஆகவே என் போர்வைகள் எல்லாவற்றிலும் எங்காவது சிவப்பு வந்துவிடும். சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த ரெட் உங்க சிக்னேச்சரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சக்தி காப்பாற்றட்டும்.

சிவப்போடு ஒரு தொல்லை, சாயம். எந்தத் துண்டையும் ஊறவைத்து, வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே சேர்ப்பேன். இந்த விஷயத்தில் நமக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் 1958இல் விற்ற மெட்ராஸ் கட்டத்துணி, நியூயார்க்கில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடை வரை போனது. குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலச வேண்டும் என்ற தகவல் மட்டும் கூடப் போகவில்லை. சலவையில் சாயம் ஓடியது, வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விளம்பரக்காரர்கள் அசரவில்லை. சாயம் போவதற்கு நாங்கள் உத்தரவாதம் என்று அதையே பெருமையாக அச்சடித்தார்கள், துணி பிய்த்துக்கொண்டு போனது. பிறகு அந்தக் கட்டத்துணிகளையே துண்டுபோட்டு ஒட்டி, அரைக்கால் சட்டை தைத்து, வசதியான வீட்டுப் பிள்ளைகள் அங்கே போட்டுக்கொண்டு திரிந்தார்கள். எங்கள் தெருவில் ஒட்டுப்போட்ட டவுசரை எந்தப் பிள்ளையும் போடாது.

டிசைன்களிலும் இடம்பொருள் பார்க்க வேண்டியிருக்கிறது. புத்தகத்தில் முதல் பாடமே மரக்கட்டை வீடு. நடுவில் ஒரு சிவப்புச் சதுரம். அது கணப்படுப்பாம், குளிருக்கு. நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். அடுத்து, முக்கோணங்களை வரிசைகட்டிய பறக்கும் வாத்துகள். இது எனக்கு ஒத்துவந்தது, வாத்து மட்டும் கிடையாது. மதுராந்தகம் வழியாகப் போனால் வேடந்தாங்கல். 1798இலேயே கலெக்டர் லயனல் பிளேஸ் அங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊராருக்குப் பட்டயம் கொடுத்தார். (ஏரிக்கரை உடையாமல் ராமலட்சுமணர் காவல் நின்றதைக் கண்டவர் என்று மதுராந்தகத்துக்காரர்கள் சொல்வதும் இதே துரையைத்தான். பாவம், அந்த மனிதர் மழைக்காலத்தில் தூங்கவே இல்லை போலிருக்கிறது.) ஆகவே என் முக்கோணங்கள் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன். கூழைக்கடாவுக்கு அலகு நீளம் என்பதால் கணக்கு கொஞ்சம் இடிக்கும்.

என் மாமியாருக்கு இதெல்லாம் வேடிக்கை. அவர் பழைய நூல்சேலை நாலைந்தை அடுக்கி, நீட்டுக்கு ஓட்டுத்தையல் போட்டு, பிறந்த பிள்ளைக்கு விரிப்பாக்கிவிடுவார். ஸ்கேல் இல்லை, பீட்ஸா வெட்டும் சக்கரம் போல நான் வாங்கிவைத்திருக்கும் ரோட்டரி கட்டர் இல்லை. தெருவில் பாதிக் குழந்தைகள் அதில்தான் வளர்ந்தன. "அத்தை, அமெரிக்காவில் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். பருத்திக்காட்டு அடிமைகளின் வம்சத்துப் பெண்கள் பழைய வேலைத் துணிகளைத் தைத்த போர்வைகளை 2002இல் ஹூஸ்டன் மியூசியத்தில் மாட்டினார்கள். 2006இல் தபால்தலையே போட்டார்கள்" என்றேன். வடகர்நாடகக் காடுகளில் சித்தி இனப் பெண்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்துக்கொண்டே வந்து நடுவில் முடிக்கும் கவாந்தி பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செவுத்துல மாட்டிட்டா புள்ளைய எங்க படுக்கப்போடுவாங்க?" என்றார்.

2019 ஜனவரியில் சென்னையில் குவில்ட்டுக்கென்றே ஒரு திருவிழா நடந்தது என்பதும் அவரை அசைக்கவில்லை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் தேருக்குத் தொங்கவிடும் தொம்பைகளைக் காட்டினேன். யாளியும் பூவும் துணியில் வெட்டி, மேல்துணியில் வைத்துத் தைத்தவை, அதுவும் ஒட்டுவேலைதானே? "அது சாமிக்கும்மா" என்று ஒரே வார்த்தையில் வழக்கு முடிந்தது. சாமி ஒட்டுத்துணி கட்டினால் அலங்காரம். மனுஷர் கட்டினால் "ஐயோ பாவம், என்ன கஷ்டமோ."

எனக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் பதற்றம். போகி. விடிவதற்குள் தெருத்தெருவாகப் பழந்துணியைக் கொளுத்திவிடுவார்கள்; துவைத்துத் துவைத்து மிருதுவான பருத்திச் சேலை, வேறெங்கும் கிடைக்காத சாயம், எல்லாம் அதில் போகும். முன்பெல்லாம் நாலு மணிக்கே எழுந்து நெருப்புக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்று கையேந்துவேன். மேளம் கொட்டும் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் இன்னும் வேகமாகக் கொட்டுவார்கள். இப்போது பக்கத்து வீட்டுப் பெண் முதல் நாள் சாயங்காலமே ஒரு மூட்டையைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிடுகிறாள்.

போன போகிக்கு வந்த மூட்டையை அவிழ்த்தேன். கிழிந்த நைட்டி, பள்ளிச் சீருடை, அவள் மாமனாரின் லுங்கி. அடியில் ஒன்று, அவளுடைய கிரகப்பிரவேசத்துக்கு நான் தைத்துக் கொடுத்த சோபா விரிப்பு. நாரைகள் போட்டது.

"துணி நல்லாத்தான் இருந்துச்சுக்கா. ஆனா ஒரே ஒட்டா இருக்கு, வர்றவங்க இன்னா நெனைப்பாங்க? அதான் வெளியில போடாம உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சேன்."

சிவப்பை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டேன். மிச்சத்தை மாமியார் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த தெருவில் ஒரு பெண்ணுக்கு மாசி மாதம் பிரசவம்.