பொள்ளாச்சிப் பண்ணாடிக்கு அப்புச்சி சொன்ன ரோசனை

வா கண்ணு, நாப்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி வால்பாறைக்கு வந்துட்டியா? மூச்சு வாங்கிக்க. "ஆயிரம் அடி போர் போட்டும் பொகைதான் வருது அப்புச்சி, மானம் ஏமாத்திப் போடுச்சு"ங்கற. மானத்து மேல பழி போடறது நம்ம சனத்துக்குப் புதுசா?

அந்தக் காலத்துல மழை இல்லீன்னா, எவனோ பாவம் பண்ணிப்போட்டான்னு வைக்கோல்ல கொடும்பாவி கட்டித் தெருத்தெருவா இழுத்தாங்க. பொம்பளைங்க ஊடு ஊடாப் போயி மழைச்சோறு வாங்குனாங்க. 1876ல தொடங்குன தாது வருசப் பஞ்சம் லட்சக்கணக்கான உசுரைத் தின்னுச்சு. மழை பொய்ச்சது நெசம். ஆனா தானியம் கப்பலேறிக்கிட்டேதான் இருந்துது. அந்தக் கொடும்பாவிக்கு எந்தத் தொரை மூஞ்சியை ஒட்டியிருக்கோணும்னு நீயே சொல்லு.

இப்ப நாம வெவரமானவிய. பஞ்சம் தானா வர்ற வரைக்கும் காத்திருக்கறதில்ல. எப்படிக் கொண்டாரதுன்னு கத்துக்கோணும்னா இந்த மலையைப் பாரு. 1890கள்ல வெள்ளைக்காரன் வந்து சோலையை வெட்டிக் காப்பி வெச்சான், அப்பறம் தேயிலை. அப்படித் தோட்டம் போட்ட கார்வர் மார்ஷ் தொரைக்குக் கவர்க்கல்லுல செலையே நிக்குது. சோலைங்கறது மாடாட்ட கண்ணு. ஆடியில மழையை விழுங்கி, மெதுவா அசை போட்டுக் கோடையில ஓடைக்கு விடும். ஆத்துக்கே சோலையாறுன்னுதான் பேரு. சோலை முக்காவாசி போச்சு, பேரு மட்டும் பத்திரமா இருக்குது. தமிழ்நாட்டுல மழை கொட்டற எடம்னா சின்னக்கல்லாறுதான். அதுக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டே மாசியில ஓடைக் கல்லை நான் எண்ணறேன்.

இந்த மலைத் தண்ணியைத்தான் நீராறுல மறிச்சு, மலையைக் கொடஞ்சு, சோலையாறு, பரம்பிக்குளம்னு தள்ளி உங்க பக்கம் கொண்டாந்தாங்க. கேரளாவோட 1970ல ஒப்பந்தமும் ஆச்சு. மேக்கால ஓடுன ஆத்தை மழை மறைவுச் சீமைக்குத் திருப்புனது லேசுப்பட்ட வேலையில்ல, கையெடுத்துக் கும்படறேன். அப்பவும் பத்தாம நாலு மண்டலமாப் பிரிச்சு, முறை வெச்சுத்தான் உடறாங்க.

உங்க ஊட்டுல என்ன பண்ணுனீங்க? சோளமும் கம்பும் மானத்தை நம்பி வெளஞ்ச காட்டுல, வருசம் முச்சூடும் வாயைத் தொறந்து நிக்கற தென்னையை நட்டீங்க. 2016ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சு, 2017 சனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசாங்கமே சொன்னப்ப, உங்கப்பன் லாரித் தண்ணி வாங்கி ஊத்துனான். அடுத்த மழைக்கு என்ன நட்டான்? அதே தென்னங்கன்னு!

நீயும் நிறுத்தாத கண்ணு. அடுத்த போரை ஆயிரத்து ஐநூறு அடிக்குப் போடு. பாதாளத்துல ஆதிசேஷனைப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு.

இங்க எஸ்டேட்டுக்கு நடுவுல மிச்சமிருக்கற காட்டுத் துண்டுகள்ல நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன்காரங்க இருவது வருசத்துக்கு மேலா காட்டு மரக்கன்னு நட்டுக்கிட்டிருக்காங்க. அது உன்னைய மாதிரி அவசரக்காரனுக்கு ஆகாது. முழுசாச் சோலையாகறதைப் பாக்க உன் பேரன்தான் வரோணும்.

சரி, பொழுதோட கெளம்பு. எறங்கறப்ப ஒம்பதாவது வளைவுல வண்டியை நிறுத்து. செல்பி எடுக்கறதுக்கு முன்னால கீழ ஆழியாறு அணையைப் பாரு. தண்ணி எவ்வளவு, அதைச் சுத்திக் காஞ்ச மண்ணு எவ்வளவுன்னு பாத்துப்போட்டு, ஊட்டுக்குப் போயி எனக்கு ஒரு போன் போடு.