பக்கத்துல யாராவது இருக்காங்களா?

பேரன்புக்குரிய இணையக் கடையின் வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவினருக்கு,

உள்ளாடை வாங்க வந்த என்னை ஊரறியச் செய்தமைக்கு முதற்கண் நன்றி.

சென்ற வாரம் தங்கள் செயலி புதுப்பொலிவு பெற்றது. அதுவரை பார்வையற்ற எனக்குத் திரையை வாசித்து 'பணம் செலுத்து' என்று சொல்லிக்கொண்டிருந்த டாக்பேக், இப்போது 'பெயரிடப்படாத பட்டன்' என்கிறது. அளவுப் பட்டியலைத் தொட்டால் 'படம்' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. சேவை மையத்தை அழைத்தேன். எடுத்த தம்பி பொறுமையின் சிகரம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சார், பக்கத்துல யாராவது இருந்தா போனைக் குடுங்க" என்றார்.

யாராவது இருந்தார். மாடி வீட்டு ப்ளஸ் டூ பையன். "அங்கிள், உங்களுக்கு எண்பத்தஞ்சா தொண்ணூறா?" என்று அவன் கேட்டது தெருமுனை இஸ்திரி வண்டிவரை போயிருக்கும். கார்டு எண், பின்பக்க மூன்று இலக்கம், ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போயின. ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்கிறது வங்கி. யாரிடமாவது சொல் என்கிறீர்கள் தாங்கள். ஆகவே, சம்பளமில்லாமல் தங்கள் செயலியின் பாதி வேலையைப் பார்க்கும் திருவாளர் பக்கத்துல யாராவது அவர்களை இயக்குநர் குழுவில் சேர்த்துக்கொள்ளப் பணிவுடன் வேண்டுகிறேன்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் அவரைத் தேடினேன். அரசானாலும் தனியாரானாலும், விதிகள் வெளியான இரண்டு ஆண்டுக்குள் சேவைகளை அணுகத்தக்கதாக்க வேண்டும் என்கிறது 46ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்தது 2019 ஜூனில். அவர் பெயர் அங்கே இல்லை. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கண் சிமிட்டிக் காட்டினால்தான் கேஒய்சி அடையாளச் சரிபார்ப்பு என்பதை எதிர்த்து அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் போன வழக்குகளில், டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. திருவாளர் யாராவதை நீதிபதிகளுக்கும் யாரும் அறிமுகம் செய்துவைக்கவில்லை போலும்.

அமெரிக்காவில் பார்வையற்ற ஒருவரால் டாமினோஸ் தளத்தில் பீட்சா சொல்ல முடியவில்லை. வழக்குப் போட்டார். நிறுவனம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2019 அக்டோபரில் அதன் மனுவை விசாரிக்கவே மறுத்துவிட்டார்கள். அந்த வக்கீல் செலவில் எத்தனை பட்டனுக்குப் பெயர்சூட்டு விழா நடத்தியிருக்கலாம்!

ஒரு பட்டனுக்குப் பெயர் வைப்பது நிரலில் ஒரு வரி. பழைய செயலியில் அது இருந்தது. அழித்துவிட்டீர்கள். இத்தனை பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர்கூடக் கண்ணை மூடி ஒரு முறை தொட்டுப் பார்க்கவில்லை. என் காசு மட்டும் வேண்டும், நான் வேண்டாம். சம்பாதிக்கிறவன் நான். எனக்கான ஜட்டியை நானே வாங்க எவன் துணை வேண்டும்?

மன்னிக்கவும். தங்கள் பெருமைக்கு முன் இப்படிப் பேசலாகாது. தள்ளுபடி அறிவிப்புகளை மட்டும் டாக்பேக் ஓர் எழுத்துப் பிசகாமல் வாசிக்கிறதே, அந்தத் தொழில்நேர்த்திக்குத் தலைவணங்குகிறேன்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் புகார் அனுப்பிவிட்டேன். அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி முதல் மீறலுக்கு 10,000 ரூபாய்வரை அபராதம். மறுபடியும் என்றால் 50,000 முதல் 5 லட்சம்வரை. அதை ஆன்லைனில் கட்டும்போது பட்டனுக்குப் பெயர் இருக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். அது அரசுத் தளம்.