பெட்டி இருக்கிறது, மெக்கானிக் எங்கே?

மீன் கூட்டத்தைக் காட்டும் கருவியை உலகில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் பேராசிரியர்கள் அல்ல. ஜப்பானின் நாகசாகிப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஃபுருனோ சகோதரர்கள். மீன் இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும் என்று மீனவர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஆழம் பார்க்கும் கருவியை நோண்டிக்கொண்டே இருந்து, 1948இல் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, இந்தத் தொழிலே ஒரு ரிப்பேர்காரரின் மேசையில் பிறந்தது. இன்று அந்த வகைப் பழைய பெட்டி ஒன்று படுத்துவிட்டால் ஸ்க்ரூ கிடைக்கும், ஒயர் கிடைக்கும், ஆலோசனை ஏராளமாகக் கிடைக்கும். ரிப்பேர்காரர்தான் கிடைக்க மாட்டார்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறும். பலகை மாற்றுவார்கள், இன்ஜினை இறக்கிப் பார்ப்பார்கள், வலை பின்னுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். வீல் ஹவுஸில் இருக்கும், ஆழமும் மீனும் காட்டும் எக்கோ சவுண்டரை மட்டும் யாரும் தொடுவதில்லை. போன வருஷம் ஓடியது, இந்த வருஷமும் ஓடும் என்ற நம்பிக்கைதான். ஜூன் இரண்டாம் வாரத்தில் சுவிட்சைப் போடும்போது சங்கதி தெரியும். அப்போது காசிமேடு முதல் தூத்துக்குடி வரை அத்தனை முதலாளிகளும் ஊருக்கு ஒருவராக இருக்கும் அந்த மெக்கானிக்கைத் தேடுவார்கள். அவரும் போனை எடுத்து, “இதோ பக்கத்துலதாண்ணே இருக்கேன்” என்பார். எதற்குப் பக்கத்தில் என்று சொல்ல மாட்டார்.

சரி, டீலரிடம் போகலாம். “அண்ணே, அந்த மாடல் எப்பவோ நின்னுபோச்சு. பார்ட்ஸ் வராது. புதுசு போட்டுக்குங்க, கலர் திரை, ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கு.” பழசைப் பற்றிக் கேட்கப் போனவர் புதுசின் தவணை விவரத்தோடு திரும்புவார்.

கம்பெனிக்கே எழுதிக் கேட்கலாம் என்றால், முதலில் கம்பெனி யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். இங்கிலாந்தில் சின்னப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் படும் பாட்டைப் பாருங்கள். அவர்கள் படகைத் தானாக ஓட்டும் ஆட்டோஹெல்ம் கருவியைச் செய்தது நாட்டெக் என்ற கம்பெனி. 1990இல் அதை ரேத்தியான் வாங்கியது. 2001இல் அந்தப் பிரிவு ரேமரைன் ஆகித் தனியே போனது. 2010இல் ரேமரைனை ஃப்ளிர் வாங்கியது. 2021இல் ஃப்ளிரை டெலிடைன் வாங்கியது. நம் ஊரில் மனை வாங்குகிறவர் மூலப்பத்திரம் தேடுவதுபோலத் தேடிக்கொண்டு போனால், கடைசியில் இருப்பவர், “அது எங்கள் காலத்துக்கு முந்தையது” என்று மரியாதையாகச் சொல்வார். பொய்யும் இல்லை.

ஒரு காலத்தில் இந்தக் கவலையே இல்லை. தெருவுக்கு ஒரு டிவி மெக்கானிக் இருந்தார். பிக்சர் டியூப் உள்ள எக்கோவும் பிக்சர் டியூப் உள்ள டிவியும் அவருக்கு ஒரே சாதிதான். தட்டைத் திரை வந்ததும் டிவியில் பழுது பார்ப்பது போய் போர்டையே மாற்றுவது வந்தது. மெக்கானிக்குகள் செல்போன் கடைக்கும் சிசிடிவி மாட்டுவதற்கும் போய்விட்டார்கள். கடல் பெட்டிகள் அநாதையானதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

மிஞ்சியிருக்கும் பழைய ஆட்கள் பெட்டியைத் திறந்ததும் முதலில் மோந்து பார்ப்பார்கள். கருகல் வாடையா, உப்பு வாடையா என்பதிலேயே பாதித் தீர்ப்பு. அடுத்து ஃபியூஸ். அந்த இடத்தில் அநேகமாக ஃபியூஸ் இருக்காது. நடுக்கடலில் யாரோ சுற்றிவிட்ட செப்புக் கம்பி இருக்கும். பிறகு, வருஷக்கணக்கில் சூடு தின்று உப்பிப்போன கெபாசிட்டர்கள். சென்னை ரிச்சி தெருவில் கெபாசிட்டரைக் கைநிறைய அள்ளிக்கொண்டு வரலாம். செலவு ஒரு சாப்பாட்டுக்குக்கூட வராது. எதை மாற்ற வேண்டும் என்று தெரிவதற்குத்தான் கூலி. அதில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வராமல் இருக்காது.

பல நேரம் பழுது பெட்டிக்குள்ளேயே இருப்பதில்லை. படகின் அடியில் டிரான்ஸ்டியூசர் என்ற குமிழ் பதித்திருக்கும். அதுதான் ஒலியைக் கீழே அனுப்பித் திரும்பி வருவதை வாங்குகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். 75 மீட்டர் ஆழத்தைத் தொட்டுத் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் குமிழின் முகம் சுத்தமாக இருந்தால்தான் ஒலி ஒழுங்காகப் போய்வரும். தடைக்காலத்தில் பெயின்டர் வருகிறார். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று குமிழுக்கும் சேர்த்து இரண்டு கோட் கூடுதலாக அடித்துவிட்டுப் போகிறார். வருஷா வருஷம் இப்படிச் சேர்ந்தால் பெட்டிக்கு அடி தெரியாது, மீன் தெரியாது. மேலே மெக்கானிக் கெபாசிட்டர் மாற்றிக்கொண்டிருப்பார்; கீழே படகு பளபளவென்று இருக்கும்.

ஜிபிஎஸ் கதை வேறு. அந்தச் செயற்கைக்கோள்கள் வாரங்களை எண்ணும் பழைய முறையில் 1,024 வாரம் ஆனதும் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1999 ஆகஸ்டில் ஒருமுறை வந்தது, 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் மறுபடி வந்தது. அன்றைக்குப் பல பழைய பெட்டிகள் சத்தமில்லாமல் 1999க்குத் திரும்பிப் போய்விட்டன. இடத்தைச் சரியாகக் காட்டிய பெட்டிகள்கூட தேதியைக் கிட்டத்தட்ட இருபது வருஷம் பின்னால் சொல்லின. இதை எந்த சால்டரிங் அயர்னாலும் சரிசெய்ய முடியாது. அமெரிக்காவில், கரையிலிருந்து வரும் ரேடியோ அலையைக் கேட்டு இடம் காட்டும் லோரான்-சி பெட்டி வைத்திருந்தவர்களுக்கு இன்னும் மோசம்: 2010 பிப்ரவரி 8 அன்று கரையிலிருந்த ஒலிபரப்பையே அரசு நிறுத்தத் தொடங்கியது. பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கேட்பதற்குத்தான் எதுவும் இல்லை.

ரேடார் விஷயத்தில் மட்டும் சிரிக்க வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். செல்போன் கடைத் தம்பி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதைத் திறக்க விடக்கூடாது.

உதிரி பாகத்துக்குக் கடைசிப் புகலிடம் குஜராத்தின் அலங். 1983 முதல் உலகத்துக் கப்பல்கள் உடைபட வரும் கரை அது. கப்பலோடு வரும் ரேடார், கைரோ திசைகாட்டி, எக்கோ எல்லாம் கழன்று பாவ்நகர் வியாபாரிகளிடம் போய், இணையம் வழியாக வெளிநாடுகளுக்கும் விலைபோகின்றன. பெரிய கப்பல் சாமான்தான் அதிகம். சின்னப் படகுக்கு ஏற்றது அகப்படுவது அதிர்ஷ்டம். ஓடாத பெட்டி என்றாலும் வாங்கலாம், உள்ளே ஒரு ஐசி உயிரோடு இருந்தால் போதும்.

வீட்டுப் பரணில் பழைய எக்கோவின் கையேடு கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பல பழைய கையேடுகளின் கடைசிப் பக்கத்தில் சர்க்யூட் படம் மடித்து வைத்திருப்பார்கள். மெக்கானிக் கிடைக்கிற அன்று, பெட்டிக்கு முன்னால் அவர் கேட்பது அதைத்தான்.