பேரேட்டில் நுழைந்த கற்பனை

காட்டாங்குளத்தூர் ரயில் மேடையில் செங்கல்பட்டு வண்டிக்குக் காத்திருக்கும் வணிகவியல் மாணாக்கர்களுள், ஊரைக் கூட்டிப் பேசிச் சிரிக்கிறவனும் நோட்டு ஓரங்களில் சித்திரம் கிறுக்குகிறவனும் கணக்கு உத்தியோகத்துக்கு லாயக்கற்றவர்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் ஏகமனதாகத் தீர்ப்பு வழங்குவது சம்பிரதாயம். இந்தத் தீர்ப்பைச் சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசுக்கு அக்காலத்தில் எவரும் தெரிவிக்கவில்லை போலும். தெரிவித்திருந்தால், பகலில் சர்க்கார் கோப்புகளைப் பார்த்துவிட்டு, மாலையில் 'சர்வர் சுந்தரம்', 'மேஜர் சந்திரகாந்த்' முதலிய நாடகங்களை மேடையேற்றிய கே. பாலசந்தர் என்ற உத்தியோகஸ்தரை அது வாயிற்படியிலேயே திருப்பியனுப்பியிருக்குமே! 1964-இல் 'தெய்வத்தாய்' படத்துக்கு வசனம் எழுதியபோதும் அவர் அந்த நாற்காலியைத் துறந்துவிடவில்லை. (மாதச் சம்பளத்தின் மகிமையை அறியாத கலைஞன் உண்டோ?)

உண்மையில் அஞ்சத்தக்கது, கற்பனை மேடைக்குப் போகாமல் பேரேட்டுக்குள்ளேயே குடியேறிவிடுவதுதான். 2009 ஜனவரியில் ஹைதராபாத் சத்யம் கம்பெனியின் தலைவர், தம் ஏடுகளில் 5,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க இருப்பு வெறும் புனைவே என்று கடிதம் மூலம் ஒப்புக்கொண்டார். அவ்வளவு பெரிய கதையைச் சபா ரசிகர்கள்கூட நம்பியிருக்க மாட்டார்கள். தணிக்கையாளர்களோ வருஷந்தோறும் கையொப்பமிட்டு வந்தார்கள்.