மரியாதை கெட்ட பிழைப்பு

ராட்னி டேஞ்சர்ஃபீல்டு (1921–2004) தனக்கு மரியாதையே கிடைப்பதில்லை என்று ஏறக்குறைய நாற்பது வருடம் மேடையில் புலம்பியவர். அந்தப் புலம்பலுக்காகவே கிராமி விருது, ஹாலிவுட் படங்கள், சொந்தப் பெயரில் ஒரு கிளப், வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஓர் இடம் என்று இருக்கிற மரியாதையையெல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்ட அமெரிக்க நகைச்சுவை நடிகர்.

இயற்பெயர் ஜேக்கப் கோஹன். 1921 நவம்பர் 22 அன்று நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா, ஃபில் ராய் என்ற பெயரில் வாட்வில் எனப்படும் பல்சுவை மேடைகளில் ஊர் ஊராகப் போய் ஆடியவர். ஊரைச் சிரிக்கவைத்த மனிதர் வீட்டில் தலைகாட்டியது அபூர்வம். அம்மாவோ பாசம் காட்டுவதை வீண் செலவு என்று நினைத்தவர்போல இருந்திருக்கிறார். குவீன்ஸ் பகுதியில் வளர்ந்த பையன், பள்ளி விட்டதும் மளிகைச் சாமான்களைச் சுமந்துபோய், பகலில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டுவான். பிற்காலத்து நகைச்சுவைக்கு வேண்டிய மூலப்பொருள் இப்படிக் கொல்லைப்புறத்திலேயே சேகரமாகிவிட்டது.

பதினைந்து வயதில் மற்ற கலைஞர்களுக்கு ஜோக் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு ஜாக் ராய் என்று பெயர் வைத்துக்கொண்டு தானே மேடையேறினார். பாட்டுப் பாடிக்கொண்டே பரிமாறும் வெயிட்டராகவும் வேலை பார்த்திருக்கிறார். அங்கேயும் சீட்டுக் கிழிந்தது. பத்து வருடம் போல முட்டி மோதிவிட்டுத் தொழிலுக்கு முழுக்குப் போட்டார். விலகியது தன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று பின்னாளில் அதையும் ஜோக்காக்கினார். அதற்கப்புறம் வீட்டு வெளிச்சுவரில் பதிக்கிற அலுமினியத் தகடு விற்கிற வேலை. பாடகி ஜாய்ஸ் இண்டிக்கைக் கல்யாணம் செய்து, விவாகரத்து செய்து, மறுபடி அவரையே கல்யாணம் செய்து, மறுபடியும் விவாகரத்து செய்தார். பிற்கால மனைவி ஜோக்குகளுக்கு ஒத்திகை போதுமான அளவு நடந்திருக்கிறது.

நாற்பதை ஒட்டிய வயதில், கடனோடு மேடைக்குத் திரும்பினார். பழைய தோல்விக்காரனை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று ஒரு கிளப் முதலாளியிடம் வேறு பெயர் வைக்கச் சொன்னார். அவர் வைத்ததுதான் ராட்னி டேஞ்சர்ஃபீல்டு. அதுவும் புதுப் பெயர் இல்லை. நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சியில் ஒரு கற்பனைப் பாத்திரத்துக்கு ஏற்கெனவே வைக்கப்பட்ட பெயர். ஆக, அவருக்கு வாய்த்த பெயரே செகண்ட் ஹேண்ட்.

புகழ்பெற்ற அந்தப் புலம்பல் ஒருநாளில் வானத்திலிருந்து விழுந்துவிடவில்லை. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடினால் தன்னை யாரும் தேடவே மாட்டார்கள் என்று ஒரு ஜோக் அவரிடம் இருந்தது. நல்ல ஜோக்தான், ஆனால் திடுதிப்பென்று ஆரம்பித்தது. முன்னால் ஒரு வரி தேவைப்பட்டது. நான் அவ்வளவு ஏழை, அவ்வளவு அசடு என்று எதை எதையோ வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் எனக்கு மரியாதையே கிடையாது என்று தொடங்கினார். அரங்கம் பிடித்துக்கொண்டது. அதில் இருக்கிற வசதி என்னவென்றால், அந்த ஒரு வரியைச் சொன்ன பிறகு வேறு பீடிகையே வேண்டாம். மனைவி, பிள்ளை, டாக்டர், நாய் என்று யாரை வேண்டுமானாலும் வரிசையில் நிறுத்தலாம். எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்யப்போகிறார்கள். கதை சொல்கிற வேலை மிச்சம். ஒரு ஜோக்குக்கு இரண்டு வாக்கியம், ஒரு சிரிப்பு, சிவப்பு டையை ஓர் இழுப்பு, உடனே அடுத்தது. பிதுங்கிய கண்ணும், வழிகிற வியர்வையும், கழுத்தை நெறிக்கிற அந்த வெள்ளைச் சட்டைக் காலரும் மீதிக் கதையைச் சொல்லிவிடும்.

1967-இல் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியபோது அவருக்கு வயது 45. மற்றவர்கள் ஓய்வூதியக் கணக்குப் போடத் தொடங்குகிற வயதில் அவர் புதுமுகம். ஊர் சுற்றினால் பிள்ளைகளைப் பார்க்க முடியாதென்று 1969-இல் நியூயார்க் ஃபர்ஸ்ட் அவென்யூவில் ‘டேஞ்சர்ஃபீல்ட்ஸ்’ என்ற கிளப்பைக் கூட்டாகத் தொடங்கினார். தன் அப்பா செய்யாததைச் செய்தார் என்று இதைச் சொல்ல வேண்டும். எச்பிஓ தொலைக்காட்சிக்காக அவர் நடத்திய நிகழ்ச்சிகளில் இளம் கலைஞர்களை மேடையேற்றினார். ரோசேன் பார், சாம் கினிசன் போன்றவர்கள் அந்த வழியாக வந்தவர்கள். ஜிம் கேரி தொடக்க காலத்தில் அவருக்கு முன்னால் மேடையேறியவர். பிரபலங்களின் குரலை நகல் செய்வதை நிறுத்திவிட்டு கேரி விசித்திரமாக ஏதேதோ செய்ய, சனங்கள் முறைத்தபோதும் அவரை நீக்காமல், மேடை ஓரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவர் டேஞ்சர்ஃபீல்டு.

1980-இல் வந்த ‘கேடிஷேக்’ படம்தான் அவரை நடிகராக்கியது. கோல்ஃப் கிளப்பில் பரம்பரைப் பணக்காரர்களின் நிம்மதியைக் கெடுக்க வருகிற புதுப்பணக்காரர் வேடம். படப்பிடிப்பில் இயக்குநர் ஹெரால்டு ராமிஸ் ‘ஆக்‌ஷன்’ என்றால் இவர் சும்மா நிற்பாராம். உங்கள் அயிட்டத்தைச் செய்யுங்கள் என்று சொன்ன பிறகுதான் புரிந்திருக்கிறது. அதைவிடப் பெரிய சங்கடம், வசனம் பேசி முடித்தால் செட்டில் ஒருவரும் சிரிப்பதில்லை. மேடைக்காரனுக்கு அந்த அமைதி சாவுமணி மாதிரி. தான் படுதோல்வி என்று அவர் இடிந்துபோக, கேமரா ஓடும்போது சிரித்தால் சத்தம் பதிவாகிவிடும், அதனால்தான் எல்லோரும் அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் படத்தில் அவருடைய பங்கு திட்டமிட்டதைவிடப் பெரிதாகிவிட்டது.

அடுத்த ஆண்டு ‘நோ ரெஸ்பெக்ட்’ இசைத்தட்டுக்கு கிராமி. 1986-இல் ‘பேக் டு ஸ்கூல்’ படம். அமெரிக்காவில் மட்டும் 9 கோடி டாலருக்கு மேல் வசூல். அதில் மகனோடு கல்லூரியில் சேருகிற கோடீஸ்வரர், எழுத்தாளர் கர்ட் வானகட்டைப் பற்றிக் கட்டுரை எழுத அந்த வானகட்டையே கூலிக்கு அமர்த்துவார். எழுதியவருக்கு வானகட்டைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று பேராசிரியர் ஃபெயிலாக்கிவிடுவார். வானகட், வானகட்டாகவே நடித்திருக்கிறார். இலக்கிய விமர்சனம் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா, தெரியவில்லை.

1994-இல் ஆலிவர் ஸ்டோனின் ‘நேச்சுரல் பார்ன் கில்லர்ஸ்’ படத்தில் மகளைச் சீரழிக்கிற கொடூரத் தகப்பனாக வந்தார். அந்தக் காட்சிகளைத் தொலைக்காட்சிக் குடும்பக் காமெடி போலப் பதிவுசெய்த சிரிப்பொலியோடு எடுத்திருந்தார்கள். வாழ்நாளெல்லாம் சிரிப்புக்கு அலைந்தவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் சிரிப்புச் சத்தம் வருகிறது. பார்க்கிறவனுக்கு வயிறு பிசைகிறது. அவர் நடித்ததில் இதுவே சிறந்தது. அடுத்த ஆண்டு ஆஸ்கர் அகாடமி உறுப்பினராக விண்ணப்பித்தார். கலையில் தேர்ச்சி காட்டும் அளவுக்கு வேடங்கள் செய்யவில்லை என்று நிராகரித்தார்கள். இலவசமாகக் கிடைத்த விளம்பரத்தை அவர் விடுவாரா? ரசிகர்கள் கொதித்த பிறகு அகாடமி இறங்கிவந்து அழைத்தது, அவர் போகவில்லை.

மனச்சோர்வு வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை. அதையும் அவர் மறைக்கவில்லை. தன் சட்டையையும் டையையும் ஸ்மித்சோனியன் வாங்கி வைத்தபோது, அங்கே இருக்கிற, விமானி லிண்ட்பெர்க்கின் விமானத்தைத் துடைக்கத்தான் வாங்கியிருப்பார்கள் என்றார். 2004-இல் இதய வால்வு அறுவைக்குப் போகையில், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள் என்று கேட்டவர்களுக்கு, எல்லாம் நன்றாக நடந்தால் ஒரு வாரம், இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரம் என்று பதில் சொன்னார். அறுவைக்குப் பிறகு நினைவு தப்பி, அக்டோபர் 5 அன்று 82 வயதில் இறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் அவர் கல்லறை இருக்கிறது. அக்கம்பக்கத்துக்கு இனி மதிப்புப் போச்சு என்ற பொருளில் ஒரு வரி அதன்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. நியூயார்க் கிளப் 2020 வரை நடந்தது.

அவரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் படங்களை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஜானி கார்சன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நின்றபடி பேசிய சில நிமிடத் துண்டுகளில் தொடங்குவது நல்லது. ஒரு வார்த்தைகூடக் கூடுதலாக இருக்காது.