கொலுக் கலசத்துக்குக் கோல்டு பெயிண்ட்: ஒரு மேற்பரப்பியல் ஆய்வு

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிய ஆய்வுகளுக்குக் குறைவில்லை. கொலுவில் வைக்கும் அதன் மண் பொம்மைக்குக் கோல்டு பெயிண்ட் பூசுவது பற்றி மட்டும் இதுவரை ஒருவரும் முனைவர் பட்டம் வாங்கவில்லை. அக்குறை இங்கே களையப்படுகிறது.

முதலில் ஆய்வெல்லை. நெட்டிக் கோயில் வெள்ளையாகவே இருக்கும், விலக்கப்பட்டது. தஞ்சாவூர் ஓவியத்தில் அசல் தங்க ரேக்கு. ஆய்வாளரின் வருமானத்துக்கு அப்பாற்பட்டது. தலையாட்டி பொம்மையைக் கருத்தரங்கத் தலைவராக்கலாமே தவிர ஆய்வுப் பொருளாக்க இயலாது. எஞ்சுவது ஓர் அடி உயர மண் கோயிலின் உச்சிக் கலசம்.

விமானம் 216 அடி, கலசம் ஏறத்தாழ 12 அடி. ஓரடிப் பொம்மையில் கலசம் முக்கால் அங்குலம்கூட வராது. கோல்டு பெயிண்டில் உள்ளது தங்கமல்ல, பித்தளைச் செதில். கோயில் 216 மடங்கு சுருங்கினாலும் செதில் சுருங்காது. ஆகவே கலசம் பளபளப்பதற்குப் பதில் சர்க்கரையில் புரட்டிய மிட்டாய்போல் மினுக்குகிறது.

அறிஞருலகம் இங்கே பிளவுபட்டுள்ளது. டப்பாவைக் கலக்காமல் மேலாகத் தொட்டுப் பூசுவோர் ஒரு மரபு; செதிலெல்லாம் அடியில் தங்கிவிடுவதால் இவர்கள் பூசுவது வெறும் வார்னிஷ் (கீழவாசல் டீக்கடை, வாய்மொழி, முதல் கிளாஸ்; மறுப்பு: மேற்படி, வடைக்குப் பின்). காய்வதற்குள் மீண்டும் மீண்டும் தேய்ப்போர் இன்னொரு மரபு. படுத்திருந்த செதில்கள் எழுந்து நின்றுவிட, பளபளப்பு போயே போய்விடும். அடியில் பளபளப்பான கறுப்பு பூசிக் காயவிட்டு, அதன்மேல் மெல்லிய ஒரே பூச்சு என்பது எம் கொள்கை. 'சாமி கலசத்துக்குக் கரி பூசுவியாடா?' என்பது அத்தையின் எதிர்வாதம் (அடுப்படி உரைகள், தாளிப்புக்கு முன், திருத்திய பதிப்பு, தாளிப்புக்குப் பின், கடுகு வெடித்ததில் இரு சொற்கள் சிதைந்தன, அவை அச்சேறத் தக்கவையுமல்ல).

சில ஆண்டுகளில் பித்தளை மங்கிப் பச்சை படரும். அதைச் சோழர் காலம் என்று கணித்துக் கட்டுரை வராமல் கொலு முடிந்ததும் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவது நல்லது.

அசல் கலசத்தின் கணக்கு கல்வெட்டிலேயே இருக்கிறது. ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டு, 275-ஆம் நாள்: செப்புக் குடம் 3,083 பலம், போர்த்திய பொன் 2,926½ கழஞ்சு. அரைக் கழஞ்சைக்கூட விடவில்லை. அதற்குக் கீழே உள்ள சிகரமோ, புத்தகத்துக்குப் புத்தகம் ஒரே கல், 80 டன். எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று கேட்டால் முந்தைய புத்தகத்தைக் காட்டுகிறார்கள்.

வாசகர்களே, டப்பாவை அடிவரை கலக்குங்கள், ஒரே இழுப்பில் பூசுங்கள், ஒரு நாள் காயவிடுங்கள். அதுவரை தொட்டுப் பார்க்கும் ஆய்வாளர் யாரையும் கிட்டே விடாதீர்கள்.